கதையை முன்னிறுத்தும் ரோல்பிளே விளையாட்டுகளில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை கட்டும் விளையாட்டுகள்) காட்சியும் மோதலும் எப்படி அமைகின்றன? பகடை கதையைக் கெடுத்துவிடாதா?

கெடுக்காது. எதற்காக உருட்டுகிறோம் என்று தெரிந்து உருட்டினால், கதை அங்கேதான் சூடு பிடிக்கும். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் பாய் விரித்து விளையாடுகிறோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டில் வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதற்குத்தான் பெரும்பாலும் பகடை. கதையை முன்னிறுத்தும் விளையாட்டுகளில் பாத்திரம் நினைத்தது நடந்ததா என்பதற்கு உருட்டுகிறோம். அதனால் அந்தப் பாத்திரம் எதற்கு ஆசைப்படுகிறது, கைகூடாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். இதில் ஒன்று தெரியாவிட்டாலும் எங்கள் பாயில் யாரும் பகடையைத் தொடுவதில்லை.

2010இல் வெளிவந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு பகடை. கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது கைகூடும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், சிக்கலைக் கொண்டுவருவார். 7 முதல் 9 வரை வந்தால் கேட்டது கிடைக்கும், கூடவே ஒரு வினையும் வந்து சேரும். பாத்திரத்தின் திறமைக்கென்று எண் எதுவும் கூட்டாதபோது 36 வாய்ப்பில் 15 இந்த நடுப்பகுதிக்கு. எனக்கு உயிர் இதில்தான்.

ஃபியாஸ்கோவில் (2009) கேம் மாஸ்டரே கிடையாது. உங்கள் முறை வரும்போது காட்சியை நீங்கள் அமைத்தால், அது நல்லபடி முடியுமா கெட்டபடி முடியுமா என்பதை மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். முடிவு உங்களிடம் வேண்டுமென்றால் காட்சியை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இந்த விளையாட்டைத்தான் சொல்வேன்.

போன மாதம் எங்கள் கதை காசிமேட்டில் நடந்தது. அண்ணன் பீரோவிலிருந்து படகுப் பத்திரத்தைத் தங்கை எடுக்க வேண்டும். அவள் பஸ் பிடித்து வந்தது, தெருவில் யாரைப் பார்த்தாள், எதுவும் வேண்டாம் என்று நேராக பீரோ முன்னால் ஆரம்பித்தோம். "கொலுசக் கழட்டி இடுப்புல செருகிக்கிறேன்," என்றாள் தங்கையாக ஆடிய தோழி. இரண்டு பகடையிலும் சேர்த்து விழுந்தது 8, அதாவது அந்த நடுப்பகுதி. பத்திரம் கைக்கு வந்துவிட்டது. திரும்பினால் வாசலில் அம்மா, தலையிலிருந்த மீன்கூடையைக்கூட இறக்காமல் நிற்கிறாள்.

"யாருக்குடி எடுத்துட்டுப் போற?"

காட்சியை அங்கேயே வெட்டினோம். தோழி பதில் யோசித்துக்கொண்டு வர ஒரு வாரம் கேட்டாள்.