நாரிநோவுக்கு எதை வாங்குவது? கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாரிநோவு பற்றியவை. இடமில்லாததால் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஓட்டோ ஓடுகிறேன். பேஸ்புக்கில் பார்த்து நாரிக்குக் கட்டும் பெல்ட் ஒன்றை 4,800 ரூபாவுக்கு எடுத்தேன். பதினைந்து நாளில் ஒட்டும் பட்டி கழன்றுவிட்டது. இப்போது என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள்.
– கல்லடி வாசகர்

பதில்: தம்பி, இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. கொறியர்காரர் தந்த துண்டு, விளம்பரத்தின் படம், அவர்களுக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். காசு திரும்பி வந்தால் அதில் இன்னொரு பெல்ட் எடுக்காதீர்கள். நாட்பட்ட நாரிநோவுக்குப் பெல்ட்டைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. ஹயர் இல்லாத நேரம் இறங்கி நாலு எட்டு நடவுங்கள்.

கேள்வி: தறியில் இருந்து இருந்து நாரி போய்விட்டது. பலகை மாதிரி இறுக்கமான ‘ஓர்தோபீடிக்’ மெத்தை 85,000 ரூபா என்கிறார்கள். எடுக்கலாமா?
– மருதமுனை வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த ஒரு சொல்லை நம்பி நான் கெட்டிருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் எனக்கு நாரி பிடித்தபோது, “டொக்டர்மார் சொல்லுற மெத்தை” என்று கடைக்காரர் சொன்னார். நான் படுத்துப் பார்க்கவில்லை, பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. இரண்டு மாதச் சம்பளம் போனது. காலையில் எழும்பினால் நாரியோடு தோளும் நொந்தது. கடைசியில் பாயை விரித்துத்தான் படுத்தேன். அந்தக் காசை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இறுக்கமான படுக்கைதான் நாரிக்கு நல்லது என்ற பேச்சை நம் கடைகள் விடுவதாக இல்லை. ஸ்பெயினில் நாட்பட்ட நாரிநோவு உள்ள 313 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இறுக்கமான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தர இறுக்கத்தில் படுத்தவர்களுக்கே நோவு கூடுதலாகக் குறைந்திருந்தது. உங்கள் மெத்தை நடுவில் குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். கடையில் வழமையாகப் படுக்கிற பக்கமாகப் பத்து நிமிடமாவது படுங்கள், புரண்டு பாருங்கள். படுக்க விடாத கடையை விட்டு வந்துவிடுங்கள். குழி விழுந்தால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சரி, நோவு தொடங்குவது தறியில்தானே? இருக்கும் பலகையின் உயரத்தை மாற்றிப் பாருங்கள், இடைக்கிடை எழும்புங்கள். கல்முனையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

கேள்வி: மசாஜ் கதிரை ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன். வீட்டு அறைக்குள் கொள்ளவில்லை. ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: அறையையும் அளக்கவில்லை, கடுதாசியையும் வாசிக்கவில்லை. முதலில் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் ‘இலவச நாரிப் பரிசோதனை’ என்றார்கள். மெஷினில் பார்த்து, முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு தேய்ந்துவிட்டது, காந்த விரிப்பில் படுக்காவிட்டால் நடக்க முடியாமல் போகும் என்றார்கள். தோட்டை அடகு வைத்து 65,000 ரூபா கொடுத்தேன். ஒரு மாதமாகியும் சுகமில்லை.
– செங்கலடி, 62 வயது

பதில்: அம்மா, வாசித்ததும் நெஞ்சு கனத்தது. முதலில் பயத்தை விடுங்கள். நோவே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதினரில் 88 வீதமானோருக்குத் தட்டுத் தேய்வு தெரிந்தது. தலை நரைப்பது போலத்தான் அது. தேய்வு இருக்கிறது என்பதால் நடை போகாது. காந்த விரிப்பு நாரிநோவை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு பொருளுக்கு இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பதும் மேலே சொன்ன அதே சட்டத்தில் குற்றம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு முறைப்பாட்டை இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் யார் என்றும் விசாரித்து அதில் சேருங்கள்.

கேள்வி: நெல் மூட்டை தூக்கிப் பத்து நாளாக நாரிப்பிடிப்பு. தனியாரிடம் எம்.ஆர்.ஐ எடுக்கவா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். அநேகமாகச் சில கிழமைகளில் தணியும். படுத்தே கிடக்காமல் முடிந்தளவு நடமாடுங்கள், சூட்டு ஒத்தடம் கொடுங்கள். ஆனால் சலம் போக முடியாமலோ அடக்க முடியாமலோ வந்தால், மலம் தெரியாமல் போனால், தொடை இடுக்கு விறைத்தால், கால் பலமிழந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். நோவோடு காய்ச்சல் இருந்தாலும், காரணமில்லாமல் மெலிந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.