மறைந்தவரின் சாரீரம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சில மாதங்களுக்கு முன் ஒரு திருமண வரவேற்பில் ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ பாடலை ஒலிக்கவிட்டார்கள். அந்தப் பாட்டை அதுவரை நான் கேட்டதில்லை. முதல் வரியிலேயே குரலை அடையாளம் கண்டுகொண்டு, “இது மலேசியா வாசுதேவன், எங்கள் காலத்துக் குரல்” என்று அருகிலிருந்த மருமகளிடம் பெருமையாகச் சொன்னேன். “அவர் இறந்து பல வருஷமாச்சே மாமா, இது ஏஐ வைத்துச் செய்தது” என்றாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “கேட்டபோது சந்தோஷமாக இருந்ததல்லவா, அதற்குமேல் என்ன வேண்டும்?” என்கிறான் மகன்.

இதற்கிடையே எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. காலமான என் சித்தப்பாவின் குரலை இதேபோல் உருவாக்கி, பேத்தி திருமணத்துக்கு அவரே அனைவரையும் அழைப்பதுபோல வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். சித்தி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதார். எனக்கோ உடம்பு கூசியது. இது என் வயதின் கோளாறா, அல்லது கூசுவதற்கு நியாயம் உண்டா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., மன்னார்குடி

அன்புள்ள க. அவர்களுக்கு,

வயதின் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் மகன் கேட்டதும் எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரவல் குரல் நமக்குப் புதியதல்ல. சிவாஜி கணேசன் வாயசைக்க டி.எம்.சௌந்தரராஜன் பாடியதைப் பல பத்தாண்டுகள் நாம் ஒரே மனிதராகவே பார்த்தோம். 1985இல் ‘முதல் மரியாதை’யில் அதே சிவாஜிக்கு மலேசியா வாசுதேவன் ‘பூங்காத்து திரும்புமா’ பாடியபோது, அந்தக் குரலையும் அதே முகத்தில் பொருத்திக்கொண்டோம். பின்னணிப் பாடல் என்பதே எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட ஒரு பொய்தான். அப்படியிருக்க இந்தப் புதிய பொய் மட்டும் ஏன் உறுத்த வேண்டும் என்று உங்கள் மகன் கேட்டால், அவர் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் குரலைக் கொடுத்தவர் ஒலிவாங்கியின் முன் நின்றார் என்பதுதான் என் விடை. இந்த வரி எனக்கு வராது என்று அவரால் சொல்ல முடிந்தது. சுருதியை அரைக்கட்டை குறைக்கச் சொல்ல முடிந்தது. இன்னொரு டேக் கேட்க முடிந்தது. மனத்துக்கு ஒவ்வாத சொல் என்றால் பாடாமல் எழுந்து போகவும் முடிந்தது. நம் சங்கீத ரசிகர்கள் பாடகரின் குரலைச் ‘சாரீரம்’ என்பார்கள். சரீரத்தைச் சேர்ந்தது என்று அந்தச் சொல்லே சொல்கிறது. மறுத்துப் பேசக்கூடிய ஒரு சரீரம் பின்னால் இல்லாத சாரீரத்தைக் கேட்டதால்தான் உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருக்க வேண்டும்.

இது பெரும்பாலும் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் இன்னொரு விஷயமும் புலப்படும். வெற்றிடத்திலிருந்து கணினி பாடிவிடுவதில்லை. முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் அந்த மெட்டை முழுதாகப் பாடுகிறார். மறைந்தவரின் பழைய பதிவுகளிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள், பாடியவரின் குரலில் உள்ள நிறத்தை மட்டும் மாற்றுகிறது. எங்கே மூச்செடுப்பது, எந்தச் சங்கதியை எப்படி உருட்டுவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் அடியில் பாடியவருடையவை. அதாவது நாம் கேட்பது ஒருவரின் பாட்டு, இன்னொருவரின் தொண்டை. ‘மனசிலாயோ’வில் மலேசியா வாசுதேவனின் மகன் யுகேந்திரனின் பெயரும் பாடகர்களுள் இடம்பெற்றிருப்பது நல்ல வழக்கம். அடியில் பாடுகிறவரின் பெயர் எங்கும் வராமல் போகும் பாடல்கள் இனிப் பெருகும் என்பதே என் அச்சம்.

திரைத்துறையினர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. 2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில், 2022இல் மறைந்த பம்பா பாக்யா, 1997இல் மறைந்த சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே அறிவித்தார். அதே காலத்தில், ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமலேயே உருவாக்கிவிட்டார்கள் என்று அவருடைய மகன் சரண் சட்ட அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. கேட்டுச் செய்வதும் கேளாமல் செய்வதும் ஒன்றாகிவிடாது. ‘கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாடலில் பவதாரிணியின் குரலை அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா கொண்டுவந்ததை நான் இன்னும் வேறாகவே பார்க்கிறேன். அக்கா உயிரோடிருந்தபோதே அவர் பாடுவதற்கென்று நினைத்து வைத்திருந்த பாட்டு அது. அந்த ஆசை பாதியில் நின்றது 2024 ஜனவரியில். துக்கம் தேடிக்கொண்ட வழிக்கு நான் யார் தீர்ப்புச் சொல்ல?

ஆனாலும் குடும்பத்தின் அனுமதி இறந்தவரின் அனுமதி ஆகிவிடாது. நிலத்துக்கு வாரிசு உண்டு, வீட்டுக்கு வாரிசு உண்டு. தொண்டைக்கு எப்படி வாரிசு வரும்? சட்டமும் இதில் தெளிவாக இல்லை. பாடகர் பாடிய பாட்டுக்கு நம் காப்புரிமைச் சட்டம் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை தருகிறது. குரலின் சாயலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. உயிரோடிருக்கும் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்வதற்கு 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய படம் தொடர்பாக அவருடைய அண்ணன் மகள் ஜெ.தீபா தொடுத்த வழக்கிலோ, ஒருவர் ஈட்டிய தனியுரிமையும் புகழும் அவரோடு முடிந்துபோகின்றன, வாரிசுகளுக்குச் சொத்தைப்போல் இறங்குவதில்லை என்ற நிலையையே 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. ஆகவே இன்று குடும்பத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பண்பினால் கேட்கிறார்கள்.

அரசியலில் இது இன்னும் மோசமாகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் கருணாநிதி திரையில் தோன்றி உரையாற்றினார். ஜெயலலிதாவின் குரல் கட்சிக்கு ஆதரவு கேட்டது. பின்னணிப் பாடகர் எப்போதும் பிறர் எழுதியதைப் பாடுகிறவர். தலைவரின் தொழிலோ தன் சொல்லைச் சொல்வது. கருணாநிதியின் ஒரு வாக்கியத்தை இன்னொருவர் எழுதிவிட்டால் அங்கே மிஞ்சுவது கரகரப்பு மட்டும்தான்.

இனி, நான் உண்மையில் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். உங்களை அசைத்த அந்த மலேசியா வாசுதேவன் நமக்கு எப்படிக் கிடைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்குப் பாட வேண்டியிருந்த எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாமல் போனது. ஒலிப்பதிவு நிற்கக் கூடாது என்பதால் வாய்ப்பு வாசுதேவனுக்குப் போயிற்று. ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ பிறந்தது அப்படித்தான். அதன்பின் ‘கோவில்மணி ஓசை தன்னை’, ‘பொதுவாக என் மனசு தங்கம்’ என்று நீண்ட ஒரு வாழ்க்கை, ஒரு தொண்டைக்கட்டினால் திறந்த வாசல் வழியாக உள்ளே வந்தது. அன்று இந்த மென்பொருள் இருந்திருந்தால், வாசுதேவன் டிராக் (அடியில் பாடும் மாதிரிக் குரல்) பாடியிருப்பார், அதன்மேல் எஸ்.பி.பி.யின் நிறம் ஏற்றப்பட்டிருக்கும். தயாரிப்பாளருக்கும் நேயர்களுக்கும் குறையொன்றும் தெரிந்திருக்காது. நமக்கு வாசுதேவன் கிடைத்திருக்க மாட்டார்.

ஒரு குரல் இல்லாமல் போகும் இடத்தில்தான் இன்னொரு குரல் நுழைகிறது. இல்லாமல் போவதே இனி இல்லை என்றால், இன்று கோடம்பாக்கத்தில் டிராக் பாடிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் எந்த வாசலில் நிற்பான்? மறைந்தவர்களின் உரிமையைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அவனைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். நிறுவனங்கள் லாபக் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். ஆனால் நேயர்களாகிய நாமும் பழகிய குரலைத்தான் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். அந்த வரவேற்பில் “எங்கள் காலத்துக் குரல்” என்று நீங்கள் பெருமைப்பட்ட கணம் இந்த வியாபாரத்துக்கு நன்றாகவே தெரிந்த கணம். (குறையாகச் சொல்லவில்லை. அதே பாட்டுக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன்.)

உங்கள் சித்தப்பாவின் விஷயம் வேறு. அங்கே காசு இல்லை, வாய்ப்பை இழந்த பாடகர் எவரும் இல்லை. இருப்பது ஒரு குடும்பத்தின் ஏக்கம். சித்தி அழுததைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆயினும் உங்கள் கூச்சத்துக்கும் காரணம் உண்டு. அவர் அந்தச் சொற்களைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்படிச் சீராகவா சொல்லியிருப்பார்? நடுவில் இருமியிருப்பார்; ஊரின் பெயரை மாற்றிச் சொல்லித் திருத்தியிருப்பார்; சாப்பாட்டைப் பற்றி ஏதாவது கேட்டிருப்பார். இளையவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், அவர்கள் அன்பினால் செய்தார்கள். சித்தப்பா உயிரோடிருந்தபோது தாமே பேசி அனுப்பிய வாட்ஸ்அப் பதிவுகள் சித்தியின் கைபேசியில் நிச்சயம் நாலைந்தாவது இருக்கும். பால் வாங்கி வரச் சொன்னது, பேருந்து தாமதம் என்று சலித்துக்கொண்டது, அப்படி ஏதாவது. கைபேசியை மாற்றும்போது முதலில் தொலைவது அவைதாம். இந்த வாரமே உங்கள் மருமகளிடம் சொல்லி அவற்றை வேறோர் இடத்திலும் எடுத்து வைக்கச் செய்யுங்கள்.

அன்புடன்.