ஜெயித்த ஆட்டத்தைத் தோல்வி என்று எழுதினால், மகன் அடித்த கோல் என்னவாகும்?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் 11ஆம் வகுப்பு. பள்ளியின் வார்சிட்டி, அதாவது முதன்மை ஃபுட்பால் அணியில் கிக்கர், பந்தை உதைப்பவன் (நம்மூர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்). லீக் ஆட்டங்கள் முடிந்தபோது 7 வெற்றி, 2 தோல்வி. வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையனுக்கு ஆடத் தகுதியில்லை என்று இப்போது தெரியவந்து, அவன் இறங்கிய 3 ஆட்டங்களையும் ஃபோர்ஃபிட், அதாவது எதிரணிக்குப் பறிகொடுத்த தோல்வி என்கிறார்கள். அதில் ஒன்றில்தான் என் மகன் 44 யார்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே தாண்ட வைப்பது) அடித்தான். 31-17 என்று ஜெயித்தோம். அது ரெக்கார்டில் இருக்குமா? இன்னொரு ஆட்டம், நாங்கள் 10-7 என்று முன்னால் இருக்கும்போது, மின்னலால் இரண்டாம் குவார்ட்டரிலேயே நின்றுபோனது. அது எந்தக் கணக்கில் சேரும்? அடுத்த வருடம் கல்லூரிகளுக்கு எழுத வேண்டும். பையன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.
— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: 44 யார்டு கோல் உங்கள் மகனுடையதுதான், எங்கும் போகாது. முதலில் இதை அவனிடம் சொல்லிச் சாப்பிட வையுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

'ரெக்கார்ட்' என்ற ஒரே சொல்லால் இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் குறிப்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஒன்று அணியின் வெற்றி தோல்விக் கணக்கு. மற்றது, களத்தில் யார் எத்தனை யார்டு ஓடினார், எத்தனை கோல் உதைத்தார் என்கிற ஆட்டப் புள்ளிவிவரம். ஆடி முடித்த ஆட்டத்தைப் பிறகு ஃபோர்ஃபிட் என்று அறிவித்தால் முதல் நோட்டில்தான் கை வைப்பார்கள். தகுதியில்லாத பையனின் எண்கள் அடிபடலாம்; தகுதியோடு ஆடியவர்களின் எண்கள் நிற்கும் என்பதே வழக்கம்.

இப்போது அணியின் கணக்கு. டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, தகுதியில்லாதவரை இறக்கினால் குறைந்தபட்சத் தண்டனையே அந்த ஆட்டத்தைப் பறிகொடுப்பதுதான். அவன் ஒரே ஒரு பிளேக்கு (பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரை) இறங்கினாலும் சரி, அறுபது பிளே ஆடியிருந்தாலும் சரி. கோச் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதும் இங்கே எடுபடாது. மாற்றலாகி வந்த மாணவர் வார்சிட்டியில் ஆட, முந்தைய பள்ளியில் ஆடிய விவரப் படிவம் ஒன்று வேண்டும். பெற்றோர் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். பெரும்பாலான வழக்குகள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில்தான் மாட்டுகின்றன. 'நோ பாஸ், நோ பிளே' என்று 1984 முதல் இருக்கும் சட்டமும் உண்டு: ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் மூன்று வாரம் வெளியே. அந்த மூன்று வாரத்தில் தவறிப்போய் இறக்கிவிட்டாலும் இதே கதிதான்.

நீங்கள் சொன்ன மூன்று ஆட்டங்களில் எத்தனை ஜெயித்தவை என்று பாருங்கள். தோற்ற ஆட்டத்தை ஃபோர்ஃபிட் செய்வதால் எதுவும் மாறாது, அது ஏற்கெனவே தோல்வி. மூன்றில் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி என்று வைத்துக்கொண்டால் 7-2 என்பது 5-4 ஆகும். பலர் நினைப்பதுபோல் 4-5 ஆகாது.

ஸ்கோரைப் பொறுத்தவரை விதிப் புத்தகம் சொல்வது 1-0. ஃபுட்பாலில் ஒரே ஒரு பாயின்ட் எடுத்து ஜெயிக்க வழியே கிடையாது என்பதால், 1-0 என்று பார்த்த உடனே ஃபோர்ஃபிட் என்று தெரிந்துவிடும். அழகான ஏற்பாடு. விதிவிலக்கு ஒன்று: ஆட்டம் பாதியில் ஃபோர்ஃபிட் ஆகும்போது, தப்பு செய்யாத அணி அந்த நேரத்தில் முன்னால் இருந்தால், இருக்கிற ஸ்கோரே நிற்கும். நீங்கள் ஜெயித்து, பிறகு பறிபோனதால் எதிரணிக்கு 1-0. 31-17 என்பதைப் பத்திரிகைகள் நட்சத்திரக் குறி போட்டு ஓரத்தில் வைத்திருக்கும்.

இதில் நிஜமாகவே வலிக்கும் இடம் டிஸ்ட்ரிக்ட் கணக்கு. யு.ஐ.எல். பேச்சில் டிஸ்ட்ரிக்ட் என்றால் நம்மூர் வருவாய் மாவட்டம் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி அமைக்கும் பள்ளிக் குழு. அதற்குள் நடக்கும் ஆட்டங்களை வைத்துத்தான் பிளே-ஆஃபுக்கு (சீசனுக்குப் பிறகான நாக்-அவுட் சுற்று) முதல் நான்கு அணிகளை எடுக்கிறார்கள். டிஸ்ட்ரிக்டுக்கு வெளியே ஆடிய ஆட்டம் ஃபோர்ஃபிட் ஆனால் மொத்தக் கணக்கு அசிங்கமாகும், அவ்வளவுதான். பிளே-ஆஃப் இடத்துக்கு ஆபத்தில்லை. டிஸ்ட்ரிக்ட் ஆட்டம் என்றால் இரட்டை அடி: உங்களுக்கு ஒரு தோல்வி கூடும், போட்டியில் இருக்கும் ஒரு பள்ளிக்கு ஒரு வெற்றி கூடும். மூன்று அணிகள் சமமாக நின்றால் பல டிஸ்ட்ரிக்டுகள் பாயின்ட் வித்தியாசத்தைப் பார்க்கும், அதற்கு ஓர் உச்சவரம்பும் வைக்கும். வரம்பு 14 என்று வைத்துக்கொள்வோம். 31-17 தந்த +14 போய், ஃபோர்ஃபிட்டுக்கு -14 என்று எழுதினால் ஒரே ஆட்டத்தில் 28 பாயின்ட் சரிவு. சில இடங்களில் ஃபோர்ஃபிட் ஆட்டத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இது ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட் எக்ஸிகியூட்டிவ் கமிட்டியும் தானே எழுதி வைத்திருக்கும் விதி. ஆகவே உங்கள் டிஸ்ட்ரிக்டின் தாளைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து ஊர் அப்பா சொன்னதை நம்ப வேண்டாம்.

அடுத்து மின்னல். ஆட்டத்தை நிறுத்தியதில் தப்பே இல்லை. கடைசி இடியோ மின்னலோ வந்ததிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் இன்னொன்று வந்தால் கடிகாரம் திரும்ப முதலிலிருந்து. டெக்சஸ் பள்ளிகள் என்.சி.ஏ.ஏ. கல்லூரி விதிகளின்படி ஆடுகின்றன. அதன்படி நின்றுபோன ஆட்டத்துக்கு நான்கு முடிவுகள் சாத்தியம்: வேறொரு நாள் விட்ட இடத்திலிருந்தே, அதே டவுன் (எத்தனையாவது முயற்சி என்பது), அதே யார்டு, அதே மீதி நேரத்தோடு தொடரலாம், இருக்கிற ஸ்கோரோடு முடித்துக்கொள்ளலாம், ஒருவர் ஃபோர்ஃபிட் செய்யலாம், அல்லது 'நோ கான்டெஸ்ட்', அதாவது அப்படியோர் ஆட்டமே நடக்கவில்லை என்று விட்டுவிடலாம். இரண்டு பள்ளிகளின் அத்லெடிக் டைரக்டர்களும் (விளையாட்டுப் பொறுப்பாளர்கள்) என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 10-7 என்று முடித்திருந்தால் அது வெற்றி, அதில் உங்கள் மகன் உதைத்ததும் சேரும். நோ கான்டெஸ்ட் என்றால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, கோலும் இல்லை. மொத்தம் 9 ஆட்டம்தான் கணக்கில் இருக்கிறது என்கிறீர்கள். வழக்கமான சீசன் 10. அதனால் நோ கான்டெஸ்ட்டாகத்தான் இருக்க வேண்டும். மொத்தத்தில் ஒரு கோல் குறைகிறது என்றால், அதைத் தின்றது ஃபோர்ஃபிட் இல்லை, மின்னல்.

ரத்தான ஆட்டம் வெட்கப்படவேண்டிய விஷயமும் இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அடித்தபோது ஹூஸ்டன் பகுதிப் பள்ளிகள் பல, சீசனின் தொடக்க ஆட்டங்களை இழந்து, குறைந்த எண்ணிக்கையோடுதான் கணக்கை முடித்தன.

பையனின் எண்களை உண்மையில் சாப்பிடுவது, ஆடுவதற்கு முன்பே எதிரணி கைவிடும் ஆட்டம். 2016இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்ச்பிஷப் மர்ஃபி பள்ளி முதல் மூன்று ஆட்டங்களில் 170-0 என்று எதிரிகளை நசுக்கியது. அதன் பிறகு, எங்கள் பிள்ளைகளுக்கு அடிபடும் என்று சொல்லி, வரிசையாகப் பல அணிகள் ஆட மறுத்தன. அணிக்கு வெற்றி மேல் வெற்றி. ஆனால் அந்த வாரங்களில் எந்தப் பையனுக்கும் ஒரு யார்டுகூட ஏறாது. உங்கள் மகனுக்கு நேர்ந்தது இதன் தலைகீழ்.

ஓஹாயோவில் என்றால் இது மூன்றாம் ஆளையும் தொடும். நீங்கள் தோற்கடித்த அணி பிறகு எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறதோ, அதற்கும் அங்கே உங்களுக்குப் புள்ளி உண்டு. சம்பந்தமே இல்லாத இருவரின் ஃபோர்ஃபிட்டால் உங்கள் இடம் மாறலாம். டெக்சஸில் அந்தத் தலைவலி இல்லை.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். எந்தெந்தத் தேதி ஆட்டங்கள் ஃபோர்ஃபிட், மின்னல் ஆட்டத்தின் நிலை என்ன என்று அத்லெடிக் டைரக்டரிடம் ஈமெயிலில் பதில் வாங்குங்கள். கமிட்டி முடிவை எதிர்த்து மாநில எக்ஸிகியூட்டிவ் கமிட்டிக்குப் போக வேண்டுமென்றால் அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும். பள்ளி புள்ளிவிவரம் ஏற்றும் தளத்தில் 31-17ஐ 1-0 என்று திருத்தும்போது, ஆட்களின் கட்டங்களும் சேர்ந்து அழிந்துபோவது நடக்கிற தப்பு. அதனால் இன்றே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். ஸ்கோர்புக்கின் அந்த ஆட்டப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். வீடியோவில், பந்தை வைக்கும் இடத்திலிருந்து உதைத்துக் கம்பம் தாண்டுவது வரை ஒரே துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். யார்டு கோடு தெரிய வேண்டும். பந்து 27ஆம் யார்டு கோட்டில் இருந்தால் உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் வைக்கும் தூரம் 7, கோல் கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஜோன் 10, ஆக 44. கோச்கள் இதைக் கண்ணாலேயே கூட்டிப் பார்த்துவிடுவார்கள்.

கல்லூரி கோச்சுக்கு எழுதும்போது திருத்திய கணக்கையே, அது 5-4 என்றால் 5-4 என்றே போடுங்கள். 7-2 என்று எழுதி அவர் தேடிப் பார்த்தால் முதல் மெயிலிலேயே நம்பிக்கை போய்விடும். அடுத்த வரியில் மகனின் முயற்சி எத்தனை, கோல் எத்தனை, அதிகபட்சம் 44 என்று எழுதி, அடைப்புக்குறியில் 'இரண்டு வெற்றிகள் பிறகு ஃபோர்ஃபிட், ஒரு ஆட்டம் நோ கான்டெஸ்ட்' என்று சேர்த்தால் போதும். காரணம், அந்தப் பையனின் பெயர், உங்கள் வருத்தம் எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: அந்த 44 டீ (பந்தைச் சற்று உயர்த்தி வைக்கும் சிறு கட்டை) வைத்து உதைத்ததா, தரையிலிருந்தா என்று. பள்ளியில் டீ உண்டு, கல்லூரியில் கிடையாது; அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.