சுயமேற்கோள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தம்பி செம்பனையைத் தாக்கும் கானோடெர்மா பூஞ்சை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். தீபாவளிக்கு வந்தவன் முகமே சரியில்லை. அவன் கட்டுரை ஆதாரமாகக் காட்டும் 40 மேற்கோள்களில் 14 அவர்கள் ஆய்வகத்தின் பழைய கட்டுரைகளாம். ஏன் என்று கட்டுரையைப் பரிசீலிக்கும் ரிவியூவர் கேட்டிருக்கிறார். பேராசிரியரோ, “எடுக்காதே, எச்-இண்டெக்ஸ் ஏற வேண்டாமா?” என்கிறாராம். கிடைத்த மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் எண்ணாம் அது. இப்படிச் சுயமேற்கோள் காட்டுவது தப்பா? இத்தனை சதவீதம்தான் என்று எல்லை உண்டா?

– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

எல்லாரும் ஒத்துக்கொண்ட எல்லை கிடையாது. ரிவியூவரும் பேராசிரியரும் பேசுவதே வேறு வேறு கணக்கு. ரிவியூவர் பார்ப்பது, கட்டுரை காட்டும் மேற்கோள்களில் சொந்தச் சரக்கு எவ்வளவு என்பதை. உங்கள் தம்பிக்கு அது 35 சதவீதம். பேராசிரியரின் கவலை, தனக்கு வந்துசேரும் மேற்கோள்கள். பழைய கட்டுரைகளில் தம்பியின் பெயர் இல்லையென்றால் அவனுக்குச் சல்லிக்காசு லாபமில்லை; ஏறுவது அவருடைய கணக்குதான்.

2019-இல் அயோனிடிஸ் என்ற ஆய்வாளரின் குழு சுமார் ஒரு லட்சம் விஞ்ஞானிகளின் மேற்கோள் கணக்கை வெளியிட்டது. ஒருவருக்கு வந்த மேற்கோள்களில் அவரும் அவருடைய கூட்டாசிரியர்களும் காட்டியவற்றின் இடைநிலை அளவு 12.7 சதவீதம். பாதிக்கு மேல் இப்படிச் சேர்த்தவர்கள் 250-க்கும் அதிகம். இத்தாலியில் 2010 சட்டத்துக்குப் பிறகு பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை தேவைப்பட்டது. சுயமேற்கோளும் கூடவே ஏறியதை ஆய்வுகள் காட்டின. ஏறாமல் என்ன செய்யும்?

ஆனாலும் சுயமேற்கோள் இயல்பானதுதான். ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் பாலை எடை போட்டதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பாலில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். அதற்காகத் தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலைக் கொட்டிவிடுவதில்லை, காய்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று சோதித்துக் கணக்கு எழுதுவார். மேற்கோள்களை எண்ணித் தரும் ஸ்கோப்பஸ் தளத்திலும் சுயமேற்கோளைக் கழித்துப் பார்க்க வழியுண்டு. அதே வேலையைச் செய்யும் கூகுள் ஸ்காலர் கழித்துக் காட்டுவதில்லை. பதவி உயர்வுக் குழுக்கள் இரண்டு எண்ணையும் கேட்டாலே பாதித் தொல்லை தீரும்.

எச்-இண்டெக்ஸில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. 10-இலிருந்து 11-க்கு ஏற, 11 கட்டுரைகளுக்குத் தலா 11 மேற்கோளாவது வேண்டும். நூறு மேற்கோள் பெற்ற கட்டுரைக்கு இன்னும் பத்து சேர்த்தாலும் எண் அசையாது. விளிம்பில் நிற்பவற்றுக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் போதும். அதனால் அந்த 14-உம் எந்தக் கட்டுரைகளுக்குப் போகின்றன என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்புக் கட்டுரைகளாகவே இருந்தால் சங்கதி வேறு, எண்ணை ஏற்றவே சேர்த்ததாகத் தோன்றும்.

அப்புறம், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கட்டும். அதே சோதனைத் திடலின் தரவு, அதே செய்முறை என்றால் இருக்கட்டும், மறைத்தால்தான் தப்பு. முன்னுரையில் “பல ஆய்வுகள் காட்டியுள்ளன” என்று ஒரே அடைப்புக்குள் ஆறேழைத் திணித்திருந்தால் தாராளமாக நீக்கலாம். பேராசிரியரிடம் நியாயம் பேசப் போக வேண்டாம். “ரிவியூவர் கேட்கிறார், நீக்காவிட்டால் திரும்பிவிடும்” என்றால் போதும், எந்தப் பேராசிரியரும் இறங்கி வருவார். எஞ்சியவற்றில் ஒவ்வொன்றும் ஏன் தேவை என்று ஒரு வரி எழுதி, பதில் கடிதத்தோடு ரிவியூவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.