எஃப்-16 விமானி, பிறகு ரிசர்வ் படைத் தளபதி: ரிச்சர்ட் ஸ்கோபி பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க விமானப்படையின் ரிசர்வ் பிரிவை 2018 செப்டம்பர் முதல் 2022 ஆகஸ்ட் வரை தலைமை தாங்கி நடத்தியவர் லெப்டினன்ட் ஜெனரல் ரிச்சர்ட் ஸ்கோபி. அவரைப் பற்றியும் ரிசர்வ் படை பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு பதில் எழுதியிருக்கிறேன். இந்த மனிதரின் கதையில் என்னை ஈர்ப்பது ஒரு விஷயம். ஆளுக்கு இரண்டு வேலை பார்க்கிறவர்களை வைத்து ஒரு விமானப்படையை நடத்துவது எப்படி? பெரும்பாலான கேள்விகள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

கல்லூரி மாணவர், கோவை: சார், சாலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த கமாண்டர் டிக் ஸ்கோபியின் மகனா இவர்? அப்பா பெயரால் மேலே வந்தவரா?

மகன்தான். 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73 விநாடிகளில் சாலஞ்சர் சிதறியபோது ரிச்சர்ட் விமானப்படை அகாடமியில் கடைசி வருட மாணவர். அதே வருடம் பட்டம் வாங்கி அதிகாரி ஆனார். 1987இல் டெக்சாஸின் ஷெப்பர்ட் தளத்தில், நேட்டோ நாடுகள் சேர்ந்து நடத்தும் ஜெட் பயிற்சியைச் சிறப்புத் தேர்ச்சியோடு முடித்தார். அப்படி ஒரு இழப்புக்கு அடுத்த வருடமே எஃப்-16 என்ற ஒற்றை என்ஜின் போர் விமானத்தை நோக்கிப் போன அந்தப் பையனை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

பெயர் ஒருவருக்கு அறிமுகம் வாங்கித் தரும். பறக்கும் தேர்வில் பாஸ் போட்டுத் தராது. இவர் பின்னாளில் பயிற்சியாளராகி, மற்ற விமானிகளைப் பறக்கவைத்துத் தேர்வு செய்யும் அதிகாரியாகவும் ஆனவர். அப்பாவும் கீழேயிருந்து வந்தவர்தான், தம்பி. 1957இல் என்ஜின் மெக்கானிக்காகச் சேர்ந்து, வேலைக்கு நடுவே படித்து, 1965இல்தான் அதிகாரி ஆனார்.

இல்லத்தரசி, மதுரை: ரிசர்வ் என்றால் ஓய்வு பெற்றவர்களை அவசரத்துக்குக் கூப்பிடுவதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அம்மா. இவர்கள் ஓய்வு பெற்றவர்கள் இல்லை. வாரத்தில் வெளியே வேறு வேலை பார்த்துக்கொண்டு, மாதம் ஒரு வார இறுதியும் வருடத்துக்கு இரண்டு வாரமும் சீருடை போடுகிறவர்கள். சுமார் 70,000 பேர் இருக்கிறார்கள். ஆசிரியர், போலீஸ்காரர், நர்ஸ், விமானி என்று எல்லா வகையும் உண்டு. இன்னொரு வகையினர் திங்கள் முதல் வெள்ளி வரை அதே தளத்தில் சிவிலியன் ஊழியராக வேலை செய்து, பயிற்சி நாட்களில் ராணுவப் பதவியோடு வருவார்கள். தளத்தை அன்றாடம் ஓடவைப்பவர்கள் அவர்கள்தான்.

ஐடி ஊழியர், சென்னை: மாதம் இரண்டு நாள் பறந்துவிட்டு எஃப்-16 ஓட்ட முடியுமா? நம்ப முடியவில்லை, அண்ணா.

இரண்டு நாளில் முடியவே முடியாது. உங்கள் சந்தேகம் சரி. ஒரு வார இறுதியை நான்கு பயிற்சி வேளைகளாகக் கணக்கு வைக்கிறார்கள், வருடத்துக்கு 48. விமானக் குழுவினருக்கு இதற்கு மேல் பறப்பதற்கென்றே இன்னும் 48 வேளைகள் வரை தருகிறார்கள். ஆக ரிசர்வ் விமானி மாதத்தில் பல நாள் தளத்தில்தான் இருப்பார்.

ஒரு பயிற்சி வேளை எப்படிப் போகும் என்று பாருங்கள். பயணிகள் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மாத ட்யூட்டி பட்டியலில் விடுப்பு விழும் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்துத் தளத்துக்கு வருவார். வானிலை, எதிரியாக வேடம் போடும் விமானங்கள், எரிபொருள் எந்த அளவுக்கு இறங்கினால் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முதலில் பேசி முடிவாகும். அப்புறம் ஜி-சூட் (திருப்பங்களின் அழுத்தத்தைத் தாங்க உதவும் உடை) மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பறப்பார். எஃப்-16இல் திருப்பங்களில் புவியீர்ப்பைப் போல 9 மடங்கு அழுத்தம் வரை வரும். அதனால் இருக்கையே 30 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். இறங்கிய பிறகு, பறந்ததைவிட நீளமாக உட்கார்ந்து ஒவ்வொரு தவறையும் பேசுவார்கள். மறுநாள் காலை அவர் மறுபடியும் பயணிகள் விமானத்தில்.

இந்தப் படையின் பலம் பழைய கைகள். போர் விமானியை உருவாக்க அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. பயிற்சி முடிந்த பின் 10 வருடக் கட்டாயச் சேவை, அப்புறம் பலர் விமான நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். ரிசர்வ் இல்லையென்றால் அந்த அனுபவம் அன்றோடு போச்சு. ஸ்கோபியும் முழுநேரப் பணியிலிருந்து இந்தப் பக்கம் மாறியவர்தான்.

பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்: நம்ம தோனிக்குக் கொடுத்த மாதிரி கௌரவப் பதவியா, ஐயா?

இல்லை. தோனிக்கு 2011இல் நம் நாட்டின் பகுதிநேரப் படையான டெரிடோரியல் ஆர்மியில் கிடைத்தது கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி. அதை அவர் மதித்து, ஆக்ராவில் பயிற்சி எடுத்துப் பாராசூட்டில் குதித்தார் என்பது பாராட்ட வேண்டியது. ஸ்கோபி தலைமை தாங்கி ஏறியது முழு ஏணி, ஒன்றைவிட ஒன்று பெரிய பிரிவு: ஸ்குவாட்ரன், ஆபரேஷன்ஸ் குரூப், இரண்டு ஃபைட்டர் விங், பிறகு டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் '10வது விமானப்படை' என்ற பெரிய பிரிவு. நடுவில் 2008இல் ஈராக்கின் கிர்குக் தளத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சேலம்: நேஷனல் கார்டும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. நேஷனல் கார்டும் அமெரிக்காவின் பகுதிநேரப் படைதான், ஆனால் சாதாரண நாட்களில் மாநில ஆளுநரின் கீழ் இருக்கும். ரிசர்வ் எப்போதும் மத்திய அரசின் படை.

விமானி ஆக விரும்பும் மாணவி, திருநெல்வேலி: எஃப்-16இல் 3,800 மணி நேரம் பறந்தார் என்கிறார்கள். பயணிகள் விமானிகள் 10,000 தாண்டுகிறார்களே, இது குறைவுதானே சார்?

இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே, அம்மா. பயணிகள் விமானம் ஒரு தடவை ஏறினால் பத்து மணி நேரம் போகும். போர் விமானத்தில் பயிற்சிப் பறத்தல் ஒன்றரை மணி நேரம்தான், அதில் ஒவ்வொரு நிமிஷமும் கையும் கண்ணும் ஓய்வதில்லை. 3,800 மணி என்றால் சில ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள். ஸ்கோபிக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர் மேரியான் மில்லர். பெரிய போக்குவரத்து விமானங்களும், வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கர்களும் ஓட்டியவர். 2016இல் ரிசர்வ் பிரிவின் முதல் பெண் தலைவர் ஆனார். 2018இல் நான்கு நட்சத்திர ஜெனரலாகி, முழுநேரப் படையின் விமானப் போக்குவரத்துக் கமாண்டையே நடத்தப் போனார்.

பத்திரிகையாளர், சென்னை: தளபதி ஆன பிறகு அன்றாடம் என்ன வேலை? போர் இல்லாத நாளில் என்ன செய்வார்?

ஒரே ஆளுக்கு இரண்டு பதவி. பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் ரிசர்வ் பிரிவின் தலைவராக விமானப்படைத் தலைமைக்கு ஆலோசனை சொல்வார், நாடாளுமன்றக் குழு முன் பணம் கேட்டு வாதாடுவார். ஜார்ஜியாவின் ராபின்ஸ் தளத்தில் இருக்கும் ரிசர்வ் கமாண்டுக்கும் (படையை நேரடியாக நடத்தும் தலைமைப் பிரிவு) அவரே தளபதி. போர் இல்லாத நாள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்தில் இருக்கும் ரிசர்வ் ஸ்குவாட்ரன் ஒன்று, புயல் சீசனில் சூறாவளியின் கண்ணுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிப்போய் அளவெடுக்கிறது. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து மக்களை மீட்டபோதும் ரிசர்வ் குழுக்கள் சி-17 போக்குவரத்து விமானங்களை ஓட்டின.

இந்தப் பதவியின் கஷ்டம் தெளிவாகத் தெரிந்தது 2020 ஏப்ரலில். கொரோனா நியூயார்க்கை உலுக்கியபோது, 48 மணி நேரத்துக்குள் 120க்கும் மேற்பட்ட ரிசர்வ் டாக்டர்களையும் நர்சுகளையும் திரட்டி அந்தப் பக்கம் அனுப்பினார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ரிசர்வ் டாக்டர் தன் ஊரிலும் டாக்டர்தானே? ஒரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை எடுத்தால்தான் இன்னொரு ஊருக்குக் கொடுக்க முடியும். முழுநேரப் படையின் ஜெனரலுக்கு இந்தக் கவலை வராது, அவருடைய ஆட்கள் அவருடைய ஆட்கள் மட்டும்தான். ரிசர்வ் தளபதி கையெழுத்துப் போடும் ஒவ்வொரு உத்தரவும் எங்கோ ஒரு வகுப்பறையில், ஒரு காவல் நிலையத்தில் காலி நாற்காலியை உண்டாக்கும். இந்த நிர்வாகத் திறமைதான் ரிசர்வில் ஒருவரை மூன்று நட்சத்திரத்துக்கு, அதாவது லெப்டினன்ட் ஜெனரல் பதவிக்குத் தகுதியாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பறக்கும் திறமை அதற்கு முன்பே நிரூபணமாகியிருக்கும்.

தனியார் நிறுவன மேலாளர், ஓசூர்: ஊழியர் அடிக்கடி லீவு போட்டால் முதலாளி சும்மா இருப்பாரா? பென்ஷன் உண்டா?

1994ஆம் வருடச் சட்டம் ஒன்று வேலையைக் காப்பாற்றுகிறது. ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து வருடம் வரை படைச்சேவைக்குப் போய்த் திரும்பலாம், சில வகைச் சேவைகள் இந்தக் கணக்கில் சேராது. திரும்பும்போது, போகாமல் இருந்திருந்தால் என்ன சீனியாரிட்டி வந்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும்.

பென்ஷனும் உண்டு. வருடத்துக்குக் குறைந்தது 50 புள்ளி சேர்த்தால் அது கணக்கில் வரும் வருடம். படையில் இருப்பதற்கே 15 புள்ளி, பயிற்சி வேளை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அப்படி 20 வருடம் முடித்தால் 60 வயதில் பணம் வரத் தொடங்கும். 2008 ஜனவரிக்குப் பிறகு செய்த தகுதியான முழுநேரச் சேவையில் ஒவ்வொரு 90 நாளுக்கும் மூன்று மாதம் முன்னதாகவே வாங்கலாம்.