‘ஃப்ரீ’ என்றால் காலியா, இலவசமா? ஆங்கிலத்திலிருந்து ருமேனிய மொழிக்குப் போகும்போது

கேள்வி இதுதான்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ஏழெட்டு ருமேனியச் சொற்கள் வருகின்றன, எதை எடுப்பது?

ருமேனியாவின் க்ளூஜ் நகரத்தில் ஆறு வருடம் மென்பொருள் வேலையில் இருந்தேன். என் வேலை சோதனைப் பிரிவில்தான். ஆனால் ஆங்கிலமும் ருமேனியனும் ஓரளவு தெரிந்த ஆள் என்பதால், திரையில் வரும் வாசகங்களைச் சரிபார்ப்பதும் என் தலையில் விழுந்தது. அங்கே பட்ட அடியிலிருந்து சொல்கிறேன்.

கார் நிறுத்த இடம் தேடும் ஒரு செயலி. மொழிபெயர்ப்புக்குப் போனது ஓர் எக்செல் தாள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் வெறும் கட்டங்கள். அதில் ஒரு வரி ‘ஃப்ரீ’. முன்னே ஒன்றும் இல்லை, பின்னே ஒன்றும் இல்லை. மொழிபெயர்த்தவர் ‘கிராதுயித்’ என்று எழுதியிருந்தார், அதாவது இலவசம். கட்டணப் பக்கத்தில் அது சரியாகவே உட்கார்ந்திருந்தது. நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டிக் அடித்தேன். நிரல் எழுதியவர் அதே வரியைக் காலியிடம் காட்டும் பக்கத்திலும் எடுத்துப் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வெளியான மறுநாள் காலையில் பார்த்தால், காலியாக இருந்த ஒவ்வோர் இடத்தின் மேலும் பச்சை எழுத்தில் ‘இலவசம்’! வண்டியை விட்டுவிட்டுக் காசு கட்டாமல் போனவர்களை என்ன குறை சொல்வது? அங்கே வந்திருக்க வேண்டிய சொல் ‘லீபெர்’.

அந்த வரியை ஒரு தடவை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்திருந்தாலே இது மாட்டியிருக்கும். காலியா, இலவசமா என்று கேட்காமல் தமிழில் அதை எழுதவே முடியாது. அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: ஆங்கிலச் சொல்லை முதலில் தமிழில் சொல்வது, அப்புறம் ருமேனியனுக்குப் போவது. சுற்றுவழி மாதிரித் தெரியும், ஆனால் ஆங்கிலம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதைத் தமிழ் பிரித்துக் கையில் கொடுத்துவிடும். ‘கீ’ என்றால் சாவியா, கீபோர்டு விசையா, பியானோ கட்டையா? ருமேனியனிலும் மூன்றும் வேறு வேறுதான்: கேயே, தாஸ்த, கிளாப. ‘நெயில்’ என்றால் நகம் உங்கியே, ஆணி குய்.

சில இடங்களில் இரண்டு மொழியும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். கனமில்லாத பொருளுக்கு ருமேனியனில் ‘உஷோர்’. சுலபமான காரியத்துக்கும் அதே உஷோர்தான். நாம் பையையும் லேசு என்கிறோம், வேலையையும் லேசு என்கிறோம் இல்லையா? அதே ‘லைட்’ நிறத்துக்கு வந்தால் உஷோர் செல்லாது. வெளிர் நீலத்தை அவர்கள் ‘திறந்த நீலம்’ என்பார்கள், அடர் நீலம் ‘மூடிய நீலம்’. முதல் தடவை துணிக்கடையில் கேட்டபோது, சட்டைக்குப் பொத்தான் போடவில்லை என்று சொல்கிறாரோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

இன்னும் நெருக்கமான இடம் பசியும் குளிரும். ஆங்கிலத்தில் ‘நான்’ பசியாக இருக்கிறேன். ருமேனியனில் ‘மியே ஃபோவாமே’, அச்சு அசலாக ‘எனக்குப் பசி’. குளிர், தாகம், தூக்கம் எல்லாமே இப்படி ‘எனக்கு’ என்றுதான் வரும். ‘மிஸ்’ என்ற சொல்லில் இது நன்றாகத் தெரியும். பஸ்ஸை மிஸ் பண்ணினால் அங்கே பஸ்ஸைத் ‘தொலைத்துவிட்டேன்’ என்பார்கள். ஆளை மிஸ் பண்ணினால் ‘மியே தோர்’. தோர் என்றால் ஏக்கம். எனக்கு ஏக்கமாக இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல், இங்கே இரண்டு வாக்கியமும் அமைப்பிலேயே வேறு. சொல்லுக்குச் சொல் தேடினால் இது கிடைக்காது.

சரி, தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ‘எனக்கு விடை தெரியும்’, ‘எனக்கு அவரைத் தெரியும்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘தெரியும்’. ருமேனியனில் விடை என்றால் ‘ஷ்தியூ’, ஆளோ ஊரோ என்றால் ‘குனோஸ்க்’. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். வாத்தியம் வாசிப்பதும் பாட்டுப் பாடுவதும் நமக்கு வேறு, அவர்களுக்கு இரண்டும் ‘கன்தா’. அவர்கள் பக்கத்திலும் மூட்டைகள் உண்டு. ‘பாங்க’ என்றால் பணம் போடும் வங்கி, பூங்காவில் உட்காரும் பெஞ்சும் அதுவே. ஆற்றங்கரைக்கு மட்டும் ‘மால்’ என்று தனிச் சொல்.

அதனால் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எப்போதும் தேவை. தேர்ந்தெடுத்த சொல்லை டெக்ஸ்ஆன்லைனில் போட்டுப் பாருங்கள். 2001 முதல் இருக்கும் இலவசத் தளம். ருமேனியச் சொல்லுக்கு ருமேனிய மொழியிலேயே விளக்கம் தரும். முதல் விளக்கத்தோடு நிறுத்தாமல் கீழே உதாரணத் தொடர்கள் வரைக்கும் படிக்க வேண்டும்.

பொருள் சரியாகப் பிடிபட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. ‘லீபெர்’ அப்படியே நிற்காது, பக்கத்துச் சொல்லைப் பார்த்து உருவம் மாறும். ஓர் இடம் என்றால் ‘லோக் லீபெர்’, 12 இடம் என்றால் ‘லோகுர் லீபெரே’. 20 ஆகிவிட்டால் நடுவில் ஒரு ‘தே’ சேரும்: ‘20 தே லோகுர் லீபெரே’. 101 முதல் 119 வரை அந்தத் தே மறுபடி காணாமல் போகும், 120இல் திரும்பி வரும். செயலியில் எண்ணைத் தனியாகவும் சொல்லைத் தனியாகவும் வைத்து ஒட்டினால் கண்டிப்பாக எங்கேயாவது இடிக்கும். ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு இரண்டு என மூன்று வடிவங்களைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆண்பால் பெண்பால் வேறு. ‘நீங்கள் பதிவு செய்யப்பட்டுவிட்டீர்கள்’ என்று எழுதப் போனால், படிப்பவர் ஆணா பெண்ணா என்று ருமேனியன் கேட்கும். சாய்கோடு போட்டு இரண்டு விகுதியையும் எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. ‘பதிவு முடிந்தது’ என்று வாக்கியத்தையே திருப்பிவிட்டால் தொல்லை விட்டது.

அந்தச் செயலியை எப்படிச் சரி செய்தோம் என்றால், ‘ஃப்ரீ’ வரியை இரண்டாகப் பிரித்தோம். தாளில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, இந்தச் சொல் எந்தத் திரையில், எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று நிரல் எழுதுபவரே நிரப்ப வேண்டும் என்று வைத்தோம். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாவது வாரம் ‘ஓபன்’ என்று ஒரு வரி வந்தது. மூன்றாம் பத்தியில், ‘பொத்தான் இல்லை, நிறுத்துமிடம் திறந்திருக்கிறது என்று காட்டும் பலகை’ என்று எழுதியிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் ‘தெஸ்கீஸ’ என்று பெண்பாலில் எழுதி அனுப்பிவிட்டார். ருமேனியனில் நிறுத்துமிடம் பெண்பால்.