லுவாங் பிரபாங் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் குடும்பத்துடன் லாவோஸ் போகிறோம். லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஏற்கெனவே போய்வந்த நண்பர், “நாலு கோயில், ஒரு ஆறு. அரை நாள் தாராளம்” என்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் ஊரான திருவட்டாற்றின் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது?

ஆர்., குலசேகரம்

அன்புள்ள ஆர்.,

ஒரு ஆறு அல்ல, இரண்டு. மலைகளுக்கு நடுவே மீகாங் ஆறும் ‘நாம் கான்’ என்ற ஆறும் கூடும் ஒடுங்கிய நிலத்தில் பழைய ஊர் இருக்கிறது. கோதையாறும் பறளியாறும் சூழ்ந்த திருவட்டாறு ஆதிகேசவன் கோயிலைக் கண்ட உங்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். திருவட்டாறு தெரிந்தவர்தான் அங்கே போகவேண்டும் என்பது என் கட்சி.

1560 வாக்கில் கட்டிய சியெங் தோங் கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதையும் கொடுங்கள். அடுக்கடுக்காக இறங்கும் கூரை, கறுப்புச் சுவரில் பொன் சித்திரங்கள். நண்பர் அதோடு திரும்பியிருப்பார். பின்னால் உள்ள சிறிய சன்னதியின் இளஞ்சிவப்புச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். விரல்நகம் அளவுள்ள வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து கிராமத்து அன்றாடத்தையே சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். 1950களின் வேலைதான். பழமை மட்டுமே உசத்தி என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இதுதான். மன்னரின் இறுதி ஊர்வலத் தேர் நிற்கும் கூடத்தின் முகப்பில் ராமாயணக் காட்சிகளும் உண்டு.

அரசியல் தலைநகர் இங்கிருந்து வியன்டியேனுக்குப் போய்விட்டதால் ஊர் பிழைத்தது என்று நினைக்கிறேன். 1795ல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியிராவிட்டால் நம் பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றி இன்று எத்தனை அடுக்குமாடிகள் நின்றிருக்கும்!

விடியலில் பிக்குகள் வெறுங்காலுடன் வரிசையாகப் பிட்சைக்கு வருவார்கள். தெருவின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் கூட்டத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நம் கோயில்களில் சுவாமியை எழுந்தருளச் செய்யும் ஸ்ரீபலி ஊர்வலத்தில் ஒருவர் அப்படிச் செய்தால் விடுவோமா?

நாம் கான் ஆற்றின் மேல் மழையில்லாத மாதங்களில் மட்டும் மூங்கில் பாலம் போடுவார்கள். மழைக்காலத்துக்கு முன் பிரித்துவிடுவார்கள். நீங்கள் போகும் மாதத்தில் இருக்கும். சிறு கட்டணம் வாங்குவார்கள், பேரம் பேசாதீர்கள்.

வியன்டியேனிலிருந்து ரயிலில் வாருங்கள், சுமார் இரண்டு மணி நேரம்தான். 2021 டிசம்பருக்கு முன்பு மலைப்பாதையில் பஸ்ஸில் நாள் முழுக்கக் குலுங்க வேண்டும். ஜனவரிக் காலையில் நன்றாகவே குளிரும். குலசேகரத்தில் ஸ்வெட்டருக்கு வேலை இருந்திருக்காது, நாகர்கோவிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.